ஊடக ஒப்படைக்குத் திருகோணமலையிலேயே உதாரணம் இருக்கிறது

உயர்தர ஊடகக் கற்கை ஒப்படைக்கு உள்ளூர் உதாரணம் கிடைக்கவில்லை, கொரிய நாடகம் பற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அதை எல்லோரும் எழுதுவார்கள். 1987 ஜூலை 29 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தோடு இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிய கடிதங்களை எடுத்துப் படியுங்கள். நம் திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்குக் கேடாக எந்த நாட்டு இராணுவத்துக்கும் கொடுக்கக் கூடாது, இங்குள்ள எண்ணெய்க் குதங்களை (சேமிப்புத் தொட்டிகளை) இரு நாடும் கூட்டாக நடத்த வேண்டும் என்கிற அதே கடிதம், வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்புக்கு மட்டுமே, உளவுக்கு அல்ல என்றும் சொல்கிறது. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலியின் மறுஒலிபரப்பு நிலையம் அப்போது நம் ஊர்ப் பக்கம்தான் இருந்தது!

பண்பாட்டுப் பகுதிக்கு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: எந்த வானொலிச் செய்தியை நம்பினார்கள், ஏன்? அப்புறம் அதே எண்ணெய்க் குதங்கள் பற்றிய 2022 ஒப்பந்தத்துக்குக் கொழும்புப் பத்திரிகைகளும் இந்தியப் பத்திரிகைகளும் போட்ட தலைப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.