கிராஃபிக்ஸ் கார்டு வாங்குமுன் நத்தையைக் கேளுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. சில ஆண்டுகளாக மோஷன் கிராஃபிக்ஸ் (அசையும் எழுத்து, வடிவங்கள்) வேலை செய்துவருகிறேன். பெரும்பாலும் அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில். அண்மைக்காலமாக 3டி மென்பொருளான பிளெண்டரும் சேர்ந்திருக்கிறது. கணினியில் என்விடியாவின் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ரேமும் உள்ளன. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பிரிவியூ (முன்னோட்டம்) திணறுகிறது. பிளெண்டரில் பெரிய காட்சிகள் மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றுவிடுகின்றன. எந்தக் கார்டுக்கு மாறலாம்?

பதில்: நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. இரண்டாவதற்குக் கார்டுதான் மருந்து. முதலாவதற்குப் பெரும்பாலும் அன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் விலையுயர்ந்த கார்டை வாங்கிவிட்டு, பிரிவியூ பழையபடியே நகர்கிறதே என்று வருந்துபவர்கள் பலர் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாகக் கட்டி, அதை முதன்மையாக ரேமில் வைத்துக்கொண்டு பிரிவியூவாக ஓட்டுகிறது (2025இல் வந்த பதிப்பு முதல் வட்டின் உதவியையும் எடுத்துக்கொள்கிறது). ஷேப் லேயர் (வரைந்த வடிவங்கள்), எழுத்து, மாஸ்க் (ஒரு பகுதியை மட்டும் காட்டும் வெட்டு), எக்ஸ்பிரஷன் (அசைவை நடத்தும் குறுநிரல்) ஆகியவற்றின் கணக்குகளில் பெரும்பகுதி பிராசஸரின் தலையில் விழுகிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போவது மங்கலாக்குதல், நிறத்திருத்தம் போன்ற சில எஃபெக்ட்களும், அண்மைப் பதிப்புகளில் வந்த அட்வான்ஸ்டு 3டி போன்ற பகுதிகளும்தான். ரேமின் கணக்கைப் பாருங்கள். 1920 x 1080 அளவுள்ள ஒரு ஃப்ரேம், 16 பிட் நிற ஆழத்தில், ஏறத்தாழ 16.6 எம்பி இடம் பிடிக்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 10 நொடிக்கு 300 ஃப்ரேம், அதாவது சுமார் 5 ஜிபி. அதே காட்சித்தொகுப்பு 4கே என்றால் நான்கு மடங்காகி 20 ஜிபியைத் தொடும். உங்களிடமுள்ள 16 ஜிபி ரேமில் விண்டோஸும் பிரவுசரும் எடுத்ததுபோக மிஞ்சுவதில் இது எப்படி அடங்கும்? போதாக்குறைக்கு, 2021 இறுதியில் வந்த மல்டி ஃப்ரேம் ரெண்டரிங் பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் பிராசஸரின் வெவ்வேறு கோர்களில் கட்டுவதால், அதற்கும் கூடுதல் ரேம் வேண்டும். ஆகவே முதல் செலவு ரேமுக்கு. 32 ஜிபி குறைந்தபட்சம்; மதர்போர்டு இடம் கொடுத்தால் 64 ஜிபியாகவே போட்டுவிடுங்கள்.

என் சொல்லை நம்பி மட்டும் முடிவெடுக்க வேண்டியதில்லை, நீங்களே சோதிக்கலாம். டைம்லைன் பேனலின் கீழே இடப்பக்கத்தில் சிறிய நத்தைக் குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால், அந்த ஃப்ரேமைக் கட்ட ஒவ்வொரு லேயரும் எஃபெக்டும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டன என்பது ஒரு நெடுவரிசையில் தெரியும். நேரத்தை விழுங்குவது ஏதோ ஒரு ஷேப் லேயரோ எக்ஸ்பிரஷனோ என்றால், உலகிலேயே விலையுயர்ந்த கார்டும் அதை அசைக்காது. அடுத்து, புராஜெக்ட் செட்டிங்ஸில் மெர்க்குரி ஜிபியு (கார்டைப் பயன்படுத்தும் முறை) என்றிருப்பதை சாஃப்ட்வேர் ஒன்லி (பிராசஸர் மட்டும்) என்று மாற்றி, ஒரே பத்து நொடிப் பகுதியை இரு முறைகளிலும் ரெண்டர் செய்து (இறுதிப் படமாக்கி) நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லையென்றால், இப்போதுள்ள கார்டே அந்த வேலையில் சும்மா இருக்கிறது என்று பொருள்.

இனி பிளெண்டர். அதன் சைக்கிள்ஸ் என்னும் ரெண்டர் முறையில் நிலைமை தலைகீழ்: காட்சியின் வடிவங்களும் டெக்ஸ்சர்களும் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) கார்டின் சொந்த மெமரியான விரேமுக்குள் அடங்க வேண்டும். 4096 x 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர், வட்டில் சின்ன ஜேபெக் கோப்பாக இருந்தாலும், விரித்து ஏற்றும்போது 64 எம்பி ஆகிறது. ஒரு மெட்டீரியலுக்கு (பரப்பின் தன்மைக்கு) நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் காட்டும் நார்மல், டிஸ்பிளேஸ்மென்ட் என்று நான்கு வைத்தால் 256 எம்பி. இருபது மெட்டீரியல்கள் உள்ள ஒரு சாதாரணக் காட்சியே 5 ஜிபியைக் கடந்துவிடும். உங்கள் 6 ஜிபி கார்டு ஏன் நிற்கிறது என்பது இதிலேயே விளங்கும். (புதிய கார்டு வரும்வரை, கேமராவுக்குத் தொலைவில் இருக்கும் பொருள்களின் டெக்ஸ்சர்களை 1024 அளவுக்குக் குறையுங்கள், ஒவ்வொன்றும் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.) வேகம் குறைந்த கார்டு காத்திருக்கத்தான் வைக்கும், விரேம் குறைந்த கார்டோ காட்சியைச் சாதாரண ரேமுக்குத் தள்ளி மிகவும் மந்தமாகும், இல்லையேல் வேலையையே முடிக்காது. எனவே 3டி செய்பவர் விரேமை முதலிலும் வேகத்தை அடுத்தும் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

உங்களுக்கு 16 ஜிபி விரேம் பொருத்தம். ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் ஒரே பெயரில் விற்கப்பட்டவை; பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். 5060 டிஐ 180 வாட் எடுக்கும், உங்கள் 2060 எடுப்பது 160 வாட் என்பதால், ஆரோக்கியமான பவர் சப்ளை இருந்தால் மாற்ற வேண்டிய தேவை அநேகமாக இராது. கேபினெட்டில் நீளம் போதுமா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். ஏஎம்டி கார்டுகளிலும் சைக்கிள்ஸ் ஓடும்; ஆனால் நாளைக்கு ஆக்டேன் என்னும் வேறு ரெண்டர் மென்பொருள் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், விண்டோஸில் அது என்விடியாவை மட்டுமே ஏற்கும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: 8 ஜிபி கார்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதே போல் இன்னொன்றைச் சேர்த்தால் 16 ஜிபி ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. காட்சி முழுவதும் இரு கார்டுகளிலும் தனித்தனியே ஏற்றப்படும். ரெண்டர் வேகம் கூடும், இடம் 8 ஜிபியாகவே நிற்கும். இரு கார்டுகளின் மெமரியை இணைக்கும் என்விலிங்க் வசதி ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் 3090 வகைக் கார்டுகளில் மட்டும் இருந்தது. 40 வரிசையில் அதையும் எடுத்துவிட்டார்கள். உள்ளதை விற்றுவிட்டு 16 ஜிபி கார்டு ஒன்றாக வாங்குவதே நல்லது.

கேள்வி: கேமராவில் எடுத்த 4கே காட்சிகளின் மேல் எழுத்தும் கிராஃபிக்ஸும் சேர்ப்பதே என் வேலை. ஆர்டிஎக்ஸ் 4070 இருந்தும் டைம்லைன் விட்டுவிட்டு ஓடுகிறது. இன்னும் பெரிய கார்டு தேவையா?

பதில்: முதலில் காட்சிகள் எந்த வடிவில் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். இன்றைய கேமராக்கள் பல, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. அதை விரித்துக் காட்டும் வன்பொருள் வசதி என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. 40 வரிசையில் உச்சியிலுள்ள 4090 வாங்கினாலும் அந்தச் சுமை பிராசஸர் மேல்தான் விழும். ஆனால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் உடைய இன்டெல் பிராசஸர்களில், 11ஆம் தலைமுறை முதல், எச்இவிசி (எச்.265) என்னும் சுருக்க வடிவிலுள்ள 10 பிட் 4:2:2 காட்சிகளுக்கு இந்த வசதி இருக்கிறது. உங்களுடையது அத்தகைய பிராசஸர் என்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அந்த கிராஃபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை இயக்குவதற்குச் செலவே இல்லை. இல்லாவிட்டால் காட்சிகளை எடிட்டிங்குக்கு இலகுவான புரோரெஸ் வடிவுக்கு மாற்றியோ, சிறிய பிராக்ஸி (மாற்றுப் பிரதி) கோப்புகளை உருவாக்கியோ வேலை செய்யுங்கள். புரோரெஸ் கோப்புகள் பல மடங்கு பெரியவை என்பதால், கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை வேகமான எஸ்எஸ்டி ஒன்றுக்குத் திருப்பிவிடலாம்.