ரிசர்ஜ், ரிசரெக்ட்: எதை எங்கே எழுதுவது?

‘படுத்துக் கிடந்த விற்பனை மறுபடி எழுந்தது என்பதற்கு அறிக்கையில் “சேல்ஸ் ரிசர்ஜ்ட்” என்று எழுதினேன். அப்படி ஒரு வினையே கிடையாது, “சேல்ஸ் ரிசரெக்டட்” என்று மாற்று என்கிறார் மேலாளர். யார் சொல்வது சரி?’ என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

நீங்கள் எழுதியதுதான் சரி. ரிசர்ஜ் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிற வினை. மேலாளர் சொன்னபடி மாற்றினால்தான் வாக்கியம் கெடும்.

இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘ரெசுர்கெரே’ என்றால் மறுபடி எழுவது. அந்த வினையின் நிகழ்கால வடிவத்திலிருந்து ரிசர்ஜ் வந்தது. இறந்தகால எச்சத்திலிருந்து ரிசரெக்‌ஷன் என்ற பெயர்ச்சொல் வந்தது. உயிர்த்தெழுதலைக் குறிக்கும் இந்தப் பெயர்ச்சொல்தான் மூத்தது. அதன் வாலை வெட்டி ரிசரெக்ட் என்ற வினையைச் செய்துகொண்டது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். எடிட்டர் முதலில் வந்து, எடிட் பின்னால் வந்த மாதிரி.

வேறுபாடு நமக்குப் புரியாதது அல்ல. ரிசர்ஜ் என்றால் எழு. ரிசரெக்ட் என்றால் எழுப்பு. விற்பனை தானாக எழுந்தால் ரிசர்ஜ். புது விளம்பரம் அதைத் தூக்கி நிறுத்தினால், அந்த விளம்பரம் விற்பனையை ரிசரெக்ட் செய்தது.

மேலாளர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வரக்கூடும் என்பதால் ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன். செத்தவர் உயிரோடு எழுந்தார் என்ற பொருளில், எழுப்பியவர் யார் என்று சொல்லாமலே ரிசரெக்ட் வருவதைச் சில அகராதிகள் ஏற்கின்றன. செத்தவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. சரக்குக்கு இல்லை, கட்சிக்கு இல்லை, பங்குச் சந்தைக்கு இல்லை. விற்பனை செத்தே போயிருந்தது என்று அவர் வாதாடினாலும், அறிக்கையில் அது எடுபடாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், போட்டித் தேர்வுக்கென்று விற்கிற ‘ஒரே பொருள் தரும் சொற்கள்’ பட்டியல். நாலு சொல்லுக்கு நடுவே சமக்குறி போட்டால் பாடம் முடிந்தது! எது எழு, எது எழுப்பு என்று அதில் ஒரு வரி இருக்காது. தேர்விலும் அதைக் கேட்க மாட்டார்கள். பிறகு யார் படிப்பார்கள்? இதைவிட மோசம் ‘வேர்ச்சொல் ரகசியம்’ விற்கிறவர்கள். சர்ஜ் என்ற ஒலி கேட்டால் போதும், சர்ஜனையும் அதே குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். சர்ஜன் கிரேக்க வழி. கையால் செய்யும் வேலை என்பது அதன் மூலப் பொருள். தூண்டுவதைக் குறிக்கும் அர்ஜ் என்ற வினைக்கும் ரிசர்ஜுக்கும்கூட ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்மையான பங்காளிகள் சோர்ஸும் ரிசோர்ஸும். அவை பிரெஞ்சு வழியாக உருமாறி வந்ததால் பட்டியல்காரர் கண்ணில் படுவதில்லை.

ரிசரெக்டுக்குக் கல்லறை வாடையும் உண்டு. உடற்கூறு படிப்புக்காகப் புதைத்த பிணத்தைத் தோண்டி விற்றவர்களை பிரிட்டனில் ‘ரிசரெக்‌ஷன் ஆட்கள்’ என்றே அழைத்தார்கள். 1832-இல் அனாடமி சட்டம் வந்தபின்தான் அந்த வியாபாரம் படுத்தது.

சரி, அறிக்கைக்கு வருவோம். ரிசர்ஜ் சரியான சொல்தான், ஆனால் வினையாக அதிகம் புழங்குவதில்லை; ரிசர்ஜன்ஸ் என்ற பெயர்ச்சொல்லைத்தான் எங்கும் பார்க்கலாம். மேலாளரோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்றால் ‘சேல்ஸ் ரிகவர்ட்’ என்று எழுதி அனுப்பிவிடுங்கள். ‘சேல்ஸ் ரிசரெக்டட்’ மட்டும் வேண்டாம்.