எழுத்துக் கூட்டி வாசிக்கும் குழந்தைக்குப் பழ விடுகதைகள் உதவுமா?

"ஆறு வயது மகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுகிறாள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறாள். பழ விடுகதைகள் உதவுமா?" என்பது உங்கள் கேள்வி.

உதவும். ஆனால் விடுகதையை நீங்கள் சொல்லக் கூடாது, அவள்தான் வாசிக்க வேண்டும். வாய்வழியாகப் போடும் விடுகதை யோசிக்க வைக்கும், கண்ணுக்கு வேலை தராது.

இந்த வயதில் கவனம் முழுக்க எழுத்தைச் சேர்ப்பதிலேயே போய்விடும். வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்திருக்கும். அதே வரியைத் திரும்ப வாசித்தால் சரளம் வரும்தான். ஆனால் "இன்னொரு தடவை வாசி" என்றால் எந்தக் குழந்தை வாசிக்கும்? விடுகதை என்றால் அதுவே திரும்பிப் போய்ப் பார்க்கும்.

என் மகனுக்கு எழுதிக் கொடுத்த ஒன்று:

என் தோல் தடிப்பு.
எனக்குள் விதைகள் நிறைய.
உள்ளே சிவப்பு.
விதையைத் துப்பாதே, அதைத்தான் சாப்பிட வேண்டும்!

மூன்றாவது வரியிலேயே "தர்பூசணி!" என்று கத்தினான். நான் இல்லை என்று சொல்லவில்லை. "சரி, கடைசி வரியும் ஒத்து வருதா பார்" என்றேன். விரலை வைத்து வாசித்தான், "துப்பாதே"யில் நின்றான், மறுபடி மேலே போனான். அப்புறம்தான் மாதுளை வந்தது. தவறான விடை வரும் இடத்தில்தான் உண்மையான வாசிப்பு நடக்கிறது என்பது என் எண்ணம். அதனால் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். "எந்த வரி அப்படிச் சொல்லுது?" என்று கேட்டால் போதும்.

ஆகவே குறிப்புகளின் வரிசை முக்கியம். முதல் வரி நாலைந்து பழங்களுக்குப் பொருந்த வேண்டும், கடைசி வரி ஒன்றுக்கு மட்டும். "நான் மஞ்சள், நீளம்" என்று ஆரம்பித்தால் வாழைப்பழம் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள், மீதி வரிகள் வீண். பக்கத்தில் படம் போட்டாலும் இதே கதைதான். அச்சில் வரும் சில விடுகதைத் தொகுப்புகளில் படமும் இருக்கும், விடையும் அதே பக்கத்தில் தலைகீழாக இருக்கும். குழந்தைகள் அதைத்தான் முதலில் வாசிக்கிறார்கள்!

பழங்கள் ஏன் வசதி என்றால், தோல், விதை, சுளை, புளிப்பு, இனிப்பு என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். சில நாட்களில் கூட்டாமலேயே பார்த்ததும் வாசித்துவிடுவாள். விடையையும் எழுதச் சொல்லுங்கள். வாழை, பலா, மாதுளை மூன்றிலேயே ழ, ல, ள வந்துவிடுகின்றன. கொய்யாவில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். 'கொ'வில் கொம்பு முன்னால், கால் பின்னால் என்பதால் பல குழந்தைகள் 'கெ' என்று வாசித்துத் தடுமாறும். அந்த எழுத்தை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுத்து நகர்ந்துவிடலாம்.

ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள், ஒரு நாளைக்கு ஒரு விடுகதை, அவ்வளவுதான்.

கொஞ்சம் பழகியதும் அவளையே வீட்டில் இன்னொருவருக்கு விடுகதை எழுதச் சொல்லுங்கள். பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம். வாசிப்பவர் "இது என்ன எழுத்து?" என்று கேட்டால் அவளே பென்சிலை எடுத்துத் திருத்துவாள்.