அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடக்கும் பிளேடு ஷோ என்ற கத்திக் கண்காட்சிக்கு ஒரே ஒரு நாள்தான் போக முடியும். எந்த நாள் போவது, கத்தி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை போங்கள். ஜூன் மாதம் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். பல ஆண்டுகள் காப் கேலரியாவில் நடந்த இது 2025-இல் நகருக்குள் ஜார்ஜியா வேர்ல்டு காங்கிரஸ் சென்டருக்கு மாறிவிட்டது. பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம். ஞாயிறு கூட்டம் குறைவுதான், ஆனால் தனியாளாகக் கத்தி அடிப்பவர்களின் மேஜையில் நல்ல சரக்கு மிஞ்சியிருக்காது. பேர்பெற்றவர்கள் சிலர் சீட்டுக் குலுக்கித்தான் விற்பார்கள். முதலில் அங்கே பெயரைப் போட்டுவிட்டு, குலுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனி அரங்குகளைக் கடைசியில் பார்த்தால் போதும், அந்தச் சரக்கு கடையிலேயே கிடைக்கும்.

எந்தக் கத்தியையும் கேட்டுவிட்டு எடுங்கள். அலகில் விரல் படக் கூடாது. கார்பன் எஃகில் வியர்வை உப்பு படிந்த இடம் துருப்பிடிக்கும். கைமுடியைச் சிரைத்துக் கூர் பார்ப்பதும், மடக்குக் கத்தியைப் படக் படக்கென்று திறந்து மூடுவதும் வேண்டாம்.

மடக்குக் கத்தியில் முதலில் பூட்டைப் பாருங்கள். லைனர் லாக் (பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகைத் தாங்கும் பூட்டு) என்றால், திறந்ததும் பூட்டுத் தகடு அலகின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஏறியிருக்க வேண்டும். ஓரத்தை மட்டும் கவ்வியிருந்தால் அழுத்தும்போது நழுவும். மறுகோடி வரை போயிருந்தால் இனித் தேய இடமில்லை. மூடினால் அலகு நடுவில் நிற்க வேண்டும். திறந்தால் ஆட்டம் கூடாது. மடங்காத கத்தியில், சாணைச் சரிவு தொடங்கும் கோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். பிடியும் இரும்பும் சேரும் இடத்தை நகத்தால் தடவினால் தட்டக் கூடாது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. கத்தியின் உயிர் தோய்ச்சலில், அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிரவைத்துப் பதமாக்குவதில். அது கண்ணுக்குத் தெரியாது. என்ன எஃகு, யார் பதப்படுத்தியது, ராக்வெல் (கடினத்தை அளக்கும் எண்) எவ்வளவு என்று கேளுங்கள். மேக்னாகட் என்ற எஃகு என்றால் 62 முதல் 64 என்பார்கள். பதம் முறுகினால் வாய் (வெட்டும் விளிம்பு) உதிரும், தளர்ந்தால் மடியும். பதில் சொல்லத் தடுமாறுபவரிடம் பளபளப்புக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

அலகில் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்ற கத்திக் கொல்லர் சங்கத்தின் ‘ஜே.எஸ்.’ (ஜர்னிமேன் ஸ்மித்) அல்லது ‘எம்.எஸ்.’ (மாஸ்டர் ஸ்மித்) முத்திரை இருந்தால் கொஞ்சம் நம்பலாம். அந்தப் பட்டத்துக்கான தேர்வில் ஒரே கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, இரண்டுக்கு நாலு மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்கி, பிறகும் முடி சிரைத்து, கடைசியில் அதை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில்) மாட்டி 90 டிகிரி வளைக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது வேறு கத்தி என்பதையும் மறக்காதீர்கள்.

டமாஸ்கஸ் என்ற கோடு கோடான எஃகு விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். வழக்கமாக 1084, 15என்20 என்ற இரண்டு எஃகுகளை அடுக்கி அடித்து ஒட்டி, ஃபெரிக் குளோரைடு என்ற அரிக்கும் கரைசலில் அரிக்க வைப்பார்கள். நிக்கல் உள்ள 15என்20 அரிபடாமல் வெளுப்பாக நிற்கும். அலகின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் அங்கும் தொடர வேண்டும். பக்கத்தில் மட்டும் இருந்தால் மேலே போட்ட கோலம். டமாஸ்கஸ் என்று பேர் இருந்தாலும், நம் பக்கம் மூசையில் உருக்கிய பழைய உருக்கு இதுவல்ல.

விமானத்தில் செக்-இன் பெட்டியில் மட்டும்தான், வாயை உறையிட்டு வையுங்கள். இந்தியாவுக்கு என்றால், வீட்டு, விவசாய, தொழில் உபயோகக் கத்திகள் தவிர, 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகு ஆயுத விதிகளுக்குள் வரும். வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.