காலையில் முடியாதவள் மத்தியானம் நடிக்கிறாளா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 44 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிற்றூர். முடக்குவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, ஃபோலிக் அமிலம், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று மருத்துவம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. நோயைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், வீட்டில் இருப்பவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்க முடியாது, குக்கர் மூடியைத் திருப்ப முடியாது. பத்து மணிக்கு மேல் கை கொஞ்சம் வசப்படும். அப்போது துணி மடித்தால், “காலையில் படுத்துக்கிடந்தவளுக்கு இப்போது மட்டும் எப்படி முடிகிறது?” என்று மாமியார் கேட்கிறார். கணவர் வாய் திறப்பதில்லை. பால் காய்ச்சுகிறார், பாத்திரம் கழுவுகிறார். ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

போன மாதம் நாத்தனார் மகளின் வளைகாப்பு. வந்திருந்த பெண்கள் எல்லாரும் வளையல் போட்டுக்கொண்டார்கள். என் முறை வந்தபோது நாத்தனார், “அண்ணிக்கு வேண்டாம், கை வீங்கியிருக்கிறது, ஏறாது” என்று தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய அளவு வளையல் இல்லாமலா போயிற்று? வீட்டுக்கு வந்து சொன்னால், “உன் நல்லதுக்குத்தானே சொன்னாள்” என்கிறார் கணவர். தங்கைக்காகப் பேச மட்டும் வாய் வருகிறது.

மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நல்ல பிள்ளை, எந்தத் தொந்தரவும் தருவதில்லை. இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து, “பார்த்தாயாம்மா, இனிப் பின்னிவிட ஆளே வேண்டாம்” என்றாள். அதை விடுங்கள்.

மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் முழங்கால் வலியையும் என் கை வலியையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். கணவர் அப்போதும் மௌனம். வளைகாப்பில் நடந்ததை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. என் வலியை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

மாமியாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காலை விறைப்பும், அசைய அசைய அது இளகுவதும் முடக்குவாதத்தின் இயல்பு. நீங்கள் நடிக்கவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்லி அவர் கேட்கட்டும், அவர் சொல்லித் தாய் கேட்கட்டும். மாமியாரைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்குக் கவலை உங்கள் மகளைப் பற்றித்தான். வளையலுக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். மகள் கூந்தலை வெட்டிக்கொண்டதை ஒரே வரியில் சொல்லி, “அதை விடுங்கள்” என்று மூடிவிட்டீர்கள். என்னால் விட முடியவில்லை. நாத்தனார் உங்களைக் கேட்காமல் தட்டை நகர்த்தினார். மகளும் உங்களைக் கேட்காமல்தான் முடியை வெட்டினாள். நாத்தனார்மீது உங்களால் கோபப்பட முடிகிறது. மகள்மீது எப்படிக் கோபப்படுவது? அவள் செய்தது பாசத்தால் அல்லவா? ‘இனி இவளுக்கும் நான் எதற்கு?’ என்ற பயம்தான் மற்றவர்கள்மேல் மனக்குறையாக வெளிவருகிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் வருந்தினாலும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இன்று எனக்கு இது முடியும், இது முடியாது’ என்று யாரிடமாவது சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. “பெரிய அளவு இருக்கிறதா பாருங்கள்” என்று வளைகாப்பில் நீங்களே கேட்டிருக்கலாம். விடிந்ததும் பால் காய்ச்சுகிற மனிதருக்கு, அந்த நேரத்தில் உங்கள் கை எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. அவர் வாயால் கேட்கவில்லை என்பதற்காக அதை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அவர் பக்கம்.

ஆனால் பாசத்தால்கூட ஒருவரை முடக்கிப்போட முடியும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் மூட்டுநோயாளிகளுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றை உருவாக்கினார். வந்தவர்களுக்கு வலி குறைந்தது. உடற்பயிற்சி முதலான பழக்கங்கள் மாறியதை மட்டும் வைத்து அந்த முன்னேற்றத்தை விளக்க முடியவில்லை என்று அவருடைய குழு 1989-இல் எழுதியது. நோயோடும் தன்னால் சிலவற்றைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வளர்ந்ததுதான் பெரிய காரணம் என்று பிறகு தெளிவாயிற்று. உங்கள் வீட்டில் எல்லாரும் உங்களுக்குப் பதிலாகச் செய்கிறார்கள், உங்களுக்குப் பதிலாக முடிவும் எடுக்கிறார்கள். வேலையை அவர்கள் செய்யட்டும். முடிவை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

வலியை எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறீர்கள். மகளுக்கு அது தேவைக்கு மேலேயே புரிந்திருக்கிறது. “எந்தத் தொந்தரவும் தருவதில்லை” என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது. அந்த வயதுப் பிள்ளை அம்மாவைக் கொஞ்சம் தொந்தரவு செய்ய வேண்டும்.

தூக்கமின்மையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. அது வலியையும் கூட்டும். அதற்கும் சிகிச்சை உண்டு.

கை வசத்தில் இருக்கும் ஒரு மாலையில் மகளோடு உட்காருங்கள். “எனக்கு இந்த அளவுதான் பிடித்திருக்கிறது” என்று அவள் சொன்னால் நம்பிவிடுங்கள். பேச்சை அத்தோடு நிறுத்தாமல், வேறு எதையெல்லாம் என்னிடம் கேட்காமல் விட்டாய் என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம். அவள் சின்னதாக ஏதாவது கேட்டால், செய்துகொடுத்துவிட்டு இரவெல்லாம் முனகாதீர்கள். முடியாதென்றால் முகம் சுளிக்காமல் முடியாது என்று சொல்லுங்கள். கேட்பதால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று தெரிந்தால்தான் அவள் அடுத்ததைக் கேட்பாள்.