பழைய பியோனிச் செடியைத் தோண்டிப் பிரிக்கலாமா?

கேள்வி: எடின்பரோவில் என் மகள் வாங்கியிருக்கும் வீட்டின் பின்புறத் தோட்டத்தில், இருபது ஆண்டுகளுக்கும் மேலான பியோனிப் புதர் ஒன்று இருக்கிறது. முன்பு கொத்துக் கொத்தாகப் பூத்ததாம். இப்போது இலைகள் மட்டுமே செழித்திருக்கின்றன. அக்டோபரில் அங்குச் செல்லும்போது அதைத் தோண்டிப் பிரித்து நடலாமா? ஒரு துண்டைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் வளர்க்க முடியுமா?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: அக்டோபர் பொருத்தமான மாதந்தான். ஆனால், செடியைத் தோண்டத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் வீட்டு ஹெலிகோனியாவும் கல்வாழையும் சில ஆண்டுகளிலேயே நெருக்கியடித்து வளர்ந்துவிடுவதால், அவற்றைப் பிரித்து நட்டே நமக்குப் பழக்கம். பியோனிக்கு அந்தத் தேவை இல்லை. கலைக்காமல் விட்டால் ஒரே இடத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் அது பூக்கக்கூடியது. எனவே செடியின் வயதைக் குறை சொல்லுமுன், பக்கத்து மரம் வளர்ந்து வெயிலை மறைக்கிறதா, தழைச்சத்து மிகுந்த உரம் போடப்பட்டதா, ஆண்டுதோறும் கொட்டிய மக்கு உரம் செடியின் அடியை மூடிவிட்டதா என்று பாருங்கள். தண்டும் வேரும் கூடுமிடத்தில் மண்ணைக் கையால் மெல்ல விலக்கினால் இளஞ்சிவப்பு நிற முளைக்கண்கள் தென்படும்; அவை 5 சென்டிமீட்டருக்கும் கீழே புதைந்திருந்தால், மிகையான மண்ணை அகற்றுவதே போதுமான மருத்துவமாக இருக்கலாம்.

நிழல்தான் காரணம் என்றாலோ, மகள் இன்னோர் இடத்திலும் செடி வேண்டும் என்று விரும்பினாலோ தோண்டலாம். குளிர்காலத்தில் தரைமட்டத்துக்கு வாடிவிடும் வகைக்கே இம்முறை பொருந்தும். மரம்போல் தடித்த தண்டு குளிர்காலத்திலும் நிற்குமானால் அது மரப்பியோனி, அதனை இவ்வாறு பிரிக்க வேண்டாம்.

இலைகள் பழுத்ததும் தண்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வெட்டிவிடுங்கள். கரும்புள்ளியோ சாம்பல் பூஞ்சையோ கண்ட இலைகளை மக்குக் குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள். பியோனியின் வேர் கிழங்குபோல் தடித்தது, எளிதில் முறியக்கூடியது என்பதால், தண்டுக்கு அருகில் மண்வெட்டியால் கொத்தாமல், சுற்றிலும் ஓரடி தள்ளித் தோண்டி, அடியிலிருந்து நெம்பி முழுக் கட்டியாகத் தூக்க வேண்டும். முதிர்ந்த செடியின் வேர்க்கட்டி மிகவும் கனக்கும். தயவுசெய்து தனியாகத் தூக்காதீர்கள், மகளையோ மருமகனையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணை நீரால் கழுவி, கட்டியைச் சற்று நேரம் நிழலில் வைத்தால் வேர்கள் துவண்டு, முறிவது குறையும். பிறகு கூரிய, சுத்தமான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் மூன்று முதல் ஐந்து முளைக்கண்களும் அவற்றைத் தாங்கும் நல்ல வேர்களும் இருக்குமாறு வெட்டுங்கள். நிறைய செடிகள் கிடைக்கும் என்ற ஆசையில் சிறு துண்டுகளாக்கினால், பூவைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். அழுகிய வேர்களை வெட்டி எறிந்துவிடுங்கள்.

நடும் ஆழத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நல்ல வெயிலும் வடிகாலும் உள்ள இடத்தில், ஏறத்தாழ மூன்றடி இடைவெளி விட்டு, முளைக்கண்கள் மேல்நோக்கி, மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி நடுங்கள்; அதற்கும் ஆழமாகப் போனால் இலை வரும், பூ வராது. முதல் வசந்தத்தில் பூக்கவில்லை என்று மகள் மறுபடியும் தோண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டாம் என்றே சொல்வேன். குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிரை உணர்ந்தால்தான் அந்த முளைக்கண்கள் உறக்கம் கலைந்து பூக்கும். இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்காத நம் ஊரில் செடி மெல்ல நலிந்துபோகும். வேருடன் செடி கொண்டுவருவதற்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளும் உண்டு. வீட்டில் பியோனி பூத்திருக்க வேண்டுமானால், இங்குள்ள பூக்கடைகளில் இறக்குமதியாகும் கொய்மலரை வாங்குங்கள். விரலால் அழுத்தும்போது மெத்தென்று இருக்கும் மொட்டாகத் தேர்ந்தெடுங்கள், கல்போல் இறுகியது விரியாமலே வாடிவிடக்கூடும்.