பொருளறிவியல் படித்தவர் எல்இடி ஆய்வுக்குப் போனால் அங்கே என்ன வேலை செய்வார்?

சுருக்கமாகச் சொன்னால், வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று தேடும் வேலை. விளக்கை வடிவமைப்பவர் வேறு ஆள். இவர் கையில் இருப்பது படிகம்.

வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீலச் சில்லுதான். மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்கிவிடுகிறது. சில்லு காலியம் நைட்ரைடு. அதைச் சபையர் தட்டின்மேல் வளர்க்கிறார்கள். இரண்டின் அணு இடைவெளியும் சுமார் 16 சதவீதம் ஒத்துப்போகாது. எடுத்த எடுப்பிலேயே 1000 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் திட்டுத்திட்டாக வரும், விரிசலும் விடும். அதனால் முதலில் 500 டிகிரி வாக்கில் 20, 30 நானோமீட்டருக்கு ஓர் இடையடுக்கு போட்டுவிட்டுப் பிறகு சூட்டை ஏற்றுவார்கள். அப்படிச் செய்தும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கோடிக்குக் குறையாமல் இடப்பெயர்வுகள் (படிகத்தில் அணு வரிசை பிசகிய கோடுகள்) மிஞ்சுவது சகஜம்.

புதியவர்களை அதிகம் படுத்துவது பி வகை அடுக்கு, அதாவது ‘துளைகள்’ எனப்படும் எலக்ட்ரான் இல்லா இடங்கள் மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய அடுக்கு. மெக்னீசியம் சேர்த்திருப்பார்கள், மின்சாரம் ஓடாது. வளர்ப்பில் பயன்படும் அமோனியா, ஹைட்ரஜன் வாயுக்களிலிருந்து வரும் ஹைட்ரஜன் மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கிவிடும். 1989இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அமானோவும் அகசாகியும் எலக்ட்ரான் கற்றை பாய்ச்சி இதை எழுப்பினார்கள். நைட்ரஜனில் 700 டிகிரிக்குச் சுட்டாலே போதும் என்று 1992இல் நாகமுரா குழு காட்டியது. அமோனியாவில் சுட்டால் பழையபடி செத்துவிடும் என்பதையும் சேர்த்தே காட்டியது. ஆகவே அடுக்கு வேலை செய்யவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வாயுவில் ஆறவிட்டார்கள் என்பதை. மெக்னீசியத்தை அள்ளிப் போடுவதும் உதவாது. ஓர் அளவுக்கு மேல் படிகம் கெட்டு, துளைகள் குறையும். உலைச் சுவரில் படிந்த மெக்னீசியம் அடுத்த வளர்ப்பு ஓட்டத்திலும் வந்து கலக்கும் என்பதை வேறு மறந்துவிடுவார்கள்.

வளர்த்த தட்டு நேரே எக்ஸ்கதிர் கருவிக்குப் போகும். படிகத்தின் ஒரு வகை அணுத்தளத்திலிருந்து வரும் 002 முகடு குறுகலாக இருப்பதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. இடப்பெயர்வுகளில் ‘விளிம்பு’ வகையை அது காட்டாது. சாய்ந்த தளத்தின் 102 முகட்டையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். அடுத்து ஒளி உமிழ்வு அளவீடு. ஒளியின் அலைநீளம் தட்டின் நடுவில் 450, ஓரத்தில் 456 நானோமீட்டர் என்று வந்தால் சூட்டில் தட்டு வளைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒளி தரும் இண்டியம் கலந்த அடுக்கு 2, 3 நானோமீட்டர்தான். அதில் இண்டியம் எவ்வளவு நிற்கும் என்பதை வெப்பநிலைதான் முடிவுசெய்கிறது. சூடு 1 டிகிரி மாறினாலே நிறம் ஏறக்குறைய 1 நானோமீட்டர் நகரும்.

பச்சைக்குப் போனால் சிக்கல் இன்னும் கூடும். இண்டியம் அதிகம் வேண்டும், அது ஆவியாகாதிருக்கச் சூட்டைக் குறைக்க வேண்டும், குறைத்தால் அமோனியா சரியாகப் பிரியாது. ஆய்வு வேலை நிறைய மிச்சமிருப்பது இங்கேதான்.

இதற்குத் தயாராகிறவர்கள் குவாண்டம் சமன்பாடுகளோடு வெற்றிடக் கருவி, வாயுக் குழாய் வேலையையும் கற்பது நல்லது. காலியத்தைத் தரும் டிரைமெத்தில்காலியம் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், அமோனியா நச்சு. ஒரு ஓட்டம் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் அவசரப்பட்டு ரெசிபியில் மூன்று எண்களை ஒன்றாக மாற்றத் தோன்றும். மாற்றினால், வெளிச்சம் கூடியிருந்தாலும் எந்த எண் கூட்டியது என்று சொல்ல முடியாது.